விதை வைத்த உமரி

அஞ்சம்மாள் நாற்றுக் கொட்டகைக்குள் நுழையும்போதே கையில் ஒரு செடியை வேரோடு பிடித்திருந்தாள். உப்பளத்திலிருந்து நேராக வந்திருக்கிறாள் என்பது முழங்கால்வரை காய்ந்து வெளுத்திருந்த சேற்றிலேயே தெரிந்தது. நாற்றுத் தட்டுகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த வேதவல்லி நிமிர்ந்து பார்த்தாள்.

"இது உங்க செடிதானே, வேதா?"

செடி மேசைமேல் விழுந்தது. கணுக்கணுவாகச் சிவந்த தண்டு, தடித்த நுனிகள். உமரி. மடைக்காட்டில் அதைத் தெரியாத ஆள் கிடையாது. வேதவல்லி நுனி ஒன்றைக் கிள்ளி உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தாள். கடுகைவிடச் சின்னதாக, கறுப்பாக நாலைந்து விதைகள் உதிர்ந்தன. அவள் சட்டென்று கையை மூடிக்கொண்டாள்.

சங்கத்துக் கொட்டகையில் வளரும் உமரி விதை வைக்காது. வைக்கவே கூடாது.

"எங்கக்கா கெடந்துச்சு?"

"கெடந்துச்சா? பாத்திக்குத் தண்ணி வர்ற கடல்வாய்க்கா ரெண்டு கரையிலயும் புதரா நிக்குது. சாதா உமரின்னு நாங்களும் விட்டுட்டோம். பதினஞ்சு நாளா பாத்தியில உப்பு எறங்கல. வாருனா மாவு மாதிரி வருது. நேத்து வாய்க்கா தண்ணிய நாக்குல வச்சுப் பாத்தேன். கடல்தண்ணியில பாதி கரிப்புகூட இல்ல."

"யார்கிட்டயும் சொல்லாதீங்கக்கா. சாயங்காலத்துக்குள்ள நான்..."

"நாப்பத்திரண்டு குடும்பம் அந்த உப்ப வாரித்தான் கஞ்சி குடிக்குது. நான் சொல்லாட்டி பாத்தி சொல்லாதா?" அஞ்சம்மாள் இன்னும் ஏதோ சொல்ல வந்தவள்போல நின்றாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியேறிவிட்டாள்.

ஒன்பது வருடங்களுக்கு முன்னால் ஒரு புயலில் கடல் மடைக்காட்டுக்குள் ஏறி நான்கு நாள் நின்றது. வடிந்தபோது முந்நூறு ஏக்கர் நன்செய் உப்பாகிப் போயிருந்தது. உப்புமானியை மண்ணில் செருகினால் பதினாறு காட்டும். மூன்றுக்குக் கீழே வந்தால்தான் நெல் முளைக்கும். இளவட்டங்கள் திருப்பூருக்குப் போனார்கள். இழுக்க ஆளில்லாமல் ஊர்த் தேர் நாலு வருடம் ஓலைக்கூரைக்குள்ளேயே நின்றது. புயலுக்கு மறுவருடமே ஊரில் மிச்சமிருந்தவர்கள் சேர்ந்து நிலமீட்புச் சங்கம் தொடங்கினார்கள். ஓர் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து டாக்டர் ஹமீதா வந்தாள். கடலோரத்தில் தானாக வளரும் உமரியை எடுத்து, மற்றச் செடியைவிட முப்பது மடங்கு உப்பைக் குடிக்கும்படி மாற்றிக் கொடுத்தாள். நட்டு, முற்றுவதற்குள் அறுத்து, அந்த உப்புச் செடியை நிலத்தைவிட்டு அப்புறப்படுத்த வேண்டும். இரண்டு வருடம் இப்படிச் செய்தால் மண் மனிதனுக்குத் திரும்பும். இருநூற்று நாற்பது ஏக்கர் திரும்பிவிட்டது. தேரும் ஓடத் தொடங்கியிருந்தது.

ஆனால் முதல் கூட்டத்திலேயே ஹமீதா ஒரு நிபந்தனை போட்டிருந்தாள். "இது உப்பக் குடிக்கிற செடி. இது தன்னிஷ்டத்துக்குப் பரவினா, இந்தக் கரையில உப்ப நம்பி இருக்கிற அத்தனையும் போயிடும். உங்க உப்பளம், காயல், அலையாத்திக் காடு எல்லாம். அதனால இதுக்கு விதையே கிடையாது. கொட்டகையில துண்டு வெட்டித்தான் நாற்று எடுக்கணும். என்னிக்காவது ஒரு செடி பூத்தா, அந்தத் தட்டையே எரிச்சுட்டு எனக்குச் சொல்லுங்க. நான் திட்டத்தை நிறுத்திடுவேன்."

கொட்டகைப் பொறுப்பு வேதவல்லியிடம் வந்தது. எட்டாவதுவரை படித்தவள், கைசுத்தமானவள் என்று ஊரே சேர்ந்து கொடுத்த பொறுப்பு.

அவள் கதவைச் சாத்திவிட்டு ஹமீதாவைத் தொலைபேசியில் அழைத்தாள். விஷயத்தைச் சொன்னாள்.

"சித்ரா பௌர்ணமிக்கு எத்தனை நாள் இருக்கு?" என்றாள் ஹமீதா.

"அஞ்சு நாள் இருக்கு, டாக்டரம்மா."

"உங்க மதகு பௌர்ணமி ஏற்றத்துக்குத் தாங்குமா?"

"தாங்காது. புயலுக்குப் பிறகு பாதிதான் கட்டினாங்க. அன்னிக்கு மட்டும் கடல் மேல வழிஞ்சு வாய்க்காலுக்குள்ள வந்துட்டுப் போவும்."

"அப்ப நமக்கு அஞ்சு நாள்தான். விதை காய்ஞ்சு உதிரப் போற நேரம் இது. மிதக்கும். அந்தத் தண்ணி திரும்பிப் போறப்ப காயலுக்குப் போயிடும். அதுக்கப்புறம் யாராலயும் திரும்பப் பிடிக்க முடியாது."

"மருந்து அடிச்சுட்டா?"

"அடிச்சா செடிதான் சாகும். விதை இன்னும் சீக்கிரமா கொட்டும். ஒவ்வொரு தலையையும் பையில மூடி வெட்டி, கையாலதான் பிடுங்கணும்." பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "எனக்கு ஒண்ணுதான் புரியல, வேதாக்கா. செடி தானா மாறியிருந்தா முதல்ல உங்க தட்டுல தெரிஞ்சிருக்கணும். கொட்டகையில ஏதாவது பூத்துச்சா?"

"இல்லையே," என்றாள் வேதவல்லி.

சொல்லி முடித்தபிறகு தொலைபேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள்.

பூத்திருந்தது. இரண்டரை வருடங்களுக்கு முன், ஐப்பசியில். அந்த வருடம் வேரழுகல் வந்து நாற்றில் பத்துக்கு ஒன்பது பங்கு போய்விட்டது. நடவுக்கு இரண்டு மாதம்தான் இருந்தது. வரிசைப்படி அந்த வருடம் நடவேண்டிய பதினெட்டு ஏக்கரில் அவளுடைய ஒன்றே முக்கால் ஏக்கரும் இருந்தது. அவள் கணவன் கோவிந்தராசு அப்போது திருப்பூரில் சாயப்பட்டறையில் இருந்தான். நிலம் வந்தால் வருகிறேன் என்று ஒவ்வொரு முறையும் சொல்லிச் சொல்லி, அந்தப் பேச்சே ஓய்ந்துபோயிருந்தது. அந்த நேரத்தில் கடைக்கோடித் தட்டில் ஏழு செடிகள் பூத்தன. அவள் எரிக்கவில்லை. விதை முற்றும்வரை வலையால் மூடி வைத்து, அந்த விதையிலேயே நாற்றுப் போட்டுப் பதினெட்டு ஏக்கரையும் நட்டாள். நட்டபிறகு நாள் தவறாமல் வயலில் இறங்கி, அரும்பு கட்டும் முன்பே ஒவ்வொரு செடியாகப் பார்த்து அறுக்கச் செய்தாள். ஒன்றுகூடத் தப்பவில்லை என்றுதான் இன்று காலைவரை நம்பியிருந்தாள்.

சங்கத் தலைவர் வைத்தியநாதன் விஷயத்தைக் கேட்டுவிட்டு அலுவலகக் கதவைத் தானே எழுந்து சாத்தினார்.

"நம்ம ஆளுங்க பத்துப் பேர வச்சு சத்தமில்லாம பிடுங்கிடுவோம், வேதா."

"மூணு மைல் வாய்க்கா, அண்ணே. உப்புச்சேறு. நம்ம ஆளு எறங்குனா இடுப்புவரைக்கும் போயிடுவான். அதுல நடக்கத் தெரிஞ்சது அளத்து ஜனந்தான். அவங்க அத்தனை பேரும் வந்தாத்தான் அஞ்சு நாள்ல முடியும்."

"அவங்களக் கூப்பிட்டா எப்படி வந்துச்சுன்னு கேப்பாங்க. மேல தெரியும். அனுமதி போச்சு. இன்னும் அறுபது ஏக்கர் கெடக்குதும்மா. வரிசையில ஏழு வருஷமா காத்துக்கிட்டிருக்கறவனுக்கு நான் என்ன பதில் சொல்றது? எப்படி வந்துச்சுன்னு யாருக்குத்தான் தெரியும்? காத்துல வந்துச்சுன்னு சொல்லுவோம்."

"எனக்குத் தெரியும், அண்ணே."

வைத்தியநாதன் அவள் முகத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். முடித்ததும் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது."

"அப்ப அது இந்த ரூமோட இருக்கட்டும்."

அவள் எழுந்து, வீட்டுக்குப் போகாமல் வயலுக்குப் போனாள். கோவிந்தராசு உளுந்துச் செடி நடுவே குந்தி, காய் முற்றிவிட்டதா என்று நசுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். திருப்பூர் சாயம் அவன் நகக்கண்களைவிட்டு இன்னும் முழுசாகப் போகவில்லை. அவள் வரப்பில் நின்றபடியே சொன்னாள். கடைசிவரை அவன் தலையை நிமிர்த்தவில்லை.

"நம்ம நெலமும் அந்த வெதையில நட்டதுதானா?"

"ஆமா."

"நான் திரும்பி வந்தது அந்த வெதையாலதான்."

"ஆமாங்க."

"சொன்னா இத மூடிடுவாங்களா?"

"அந்தப் பதினெட்டு ஏக்கரையும் மூடிடுவாங்க. மண்ணுல வெதை இருக்கான்னு பாக்க மூணு வருஷம் தண்ணி கட்டிப் போட்டுடுவாங்க. எதுவும் வைக்க முடியாது."

தூரத்தில் அளத்துப் பாத்திகள் வெயிலில் கண்ணைக் கூசும்படி மினுங்கின. வழக்கமாக இந்த மாதத்தில் அங்கே வெள்ளை வெள்ளையாக உப்புக் குவியல் நிற்கும். இப்போது ஒன்றுகூட இல்லை. கோவிந்தராசும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான் போலிருக்கிறது.

"அப்ப உளுந்த இன்னிக்கே பிடுங்கிடறேன்," என்றான். "நீ போய்ச் சொல்லு."

நான்கு மணிக்குப் பள்ளிக்கூட மைதானத்தில் கூட்டம். சங்கத்தார் வேப்பமர நிழலில் நாற்காலியில் இருந்தார்கள். அளத்துக் குடும்பங்கள் வழக்கம்போலச் சுவரோரம் நின்றன. சங்க விதிப்படி நிலப் பட்டா உள்ளவர்தான் உறுப்பினர். நிற்பவர்களில் யாருக்கும் பட்டா கிடையாது. ஹமீதா தொலைபேசித் திரையில் இருந்தாள்.

வேதவல்லி எழுந்தாள். "டாக்டரம்மா, காலையில நான் உங்ககிட்ட பொய் சொன்னேன்," என்று தொடங்கினாள். ஏழு செடி, வலை, பதினெட்டு ஏக்கர், தன் ஒன்றே முக்கால் ஏக்கர் என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். "எந்தச் செடி என் கண்ணுக்குத் தப்புச்சுன்னு தெரியல. ஆனா தப்பு என்னோடதுதான்."

மைதானமே கத்தியது. "எங்க பாத்திய நீங்க குடிச்சீங்களா?" என்று அளத்துக்காரர் ஒருவர் சுவரோரத்திலிருந்து பாய்ந்து வந்தார். நாலு பேர் தடுத்தார்கள். வரிசையில் காத்திருந்தவன் ஒருவன், "உன் நெலம் வெளஞ்சுட்டுது, என் நெலத்துக்கு மண்ணப் போட்டுட்டியே," என்று அழுதான். வைத்தியநாதன் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திரையில் ஹமீதா கண்ணை மூடியிருந்தாள்.

கூச்சலுக்கு நடுவே அஞ்சம்மாள் நாற்காலிகளைத் தாண்டி முன்னால் வந்தாள். வேதவல்லி அடி விழும் என்றே நினைத்தாள்.

"அஞ்சு நாளுதான் இருக்கு," என்றாள் அஞ்சம்மாள், கூட்டத்தைப் பார்த்து. அவள் குரல் ஏனோ கம்மியிருந்தது. "திட்டறத ஆறாம் நாளு வச்சுக்குவோம். பை தைக்கத் துணி இருக்கறவங்க எடுத்துட்டு வாங்க."

மறுநாள் விடிந்ததும் வாய்க்காலில் இறங்கினார்கள். அளத்துப் பெண்கள் காலில் பலகை கட்டிக்கொண்டு சேற்றின்மேல் வழுக்கிப் போனார்கள். நிலக்காரர்கள் தொடைவரை புதைந்து, ஒருவரை ஒருவர் இழுத்துத் தூக்கினார்கள். செடியின் தலையைப் பைக்குள் மூடி, வாயைச் சுருக்கி, வெட்டி, பிறகு வேரைப் பிடுங்க வேண்டும். கொஞ்சம் ஆட்டினாலும் விதை சிதறும். முதல் நாள் முடிவில் அரை மைல்கூட ஆகவில்லை. உப்பு நீர் பட்டுக் காலெல்லாம் வெடித்தது. இரண்டாம் நாள் கோவிந்தராசு உளுந்துச் சாக்குகளை வீட்டில் போட்டுவிட்டு வந்து சேர்ந்தான். மூன்றாம் நாள் பலத்த காற்று வந்தது. காற்றுக்கு எதிரே சேலைகளைத் திரைபோலப் பிடித்து நின்று வேலை செய்தார்கள். வேதவல்லியோடு யாரும் பேசவில்லை. தண்ணீர்க் குடத்தை அவள் கையில் கொடுக்காமல் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்கள். நான்காம் நாள் அதே குடத்தை ஒருத்தி கையில் கொடுத்தாள்.

ஐந்தாம் நாள் உச்சிக்குள் மூன்று மைலும் ஏறக்குறைய முடிந்தது. அளத்துக் குடியிருப்புக்குப் பின்னால் ஒரு வளைவு மட்டும்தான் பாக்கி. மூன்று மணிக்கு மாவட்டத்திலிருந்து அதிகாரிகள் வந்து பார்ப்பதாக ஏற்பாடு. அன்று பௌர்ணமி; மாலையில் கடல் ஏறும்.

"அந்த எடத்த நான் பாத்துக்கறேன். நீ போய்ப் படு, வேதா," என்றாள் அஞ்சம்மாள்.

"ரெண்டு பேரும் போனா சீக்கிரம் முடியும்க்கா."

"வேணாங்கறேன்ல."

அந்த அவசரம்தான் வேதவல்லியை நடக்க வைத்தது. அவள் அஞ்சம்மாளுக்கு முன்னால் வளைவைச் சுற்றிக் கரை ஏறினாள். ஏறியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

அஞ்சம்மாள் வீட்டுக் கொல்லை. ஆட்டுக் கொட்டிலுக்குப் பின்னால் கோடு கிழித்தாற்போல ஒரே வரிசையில் பதினான்கு உமரிச் செடிகள். எல்லாமே முழங்காலுக்குக் கீழே, நுனி கிள்ளிக் கிள்ளிப் புதராகத் தழைத்திருந்தன. ஒன்றிலும் பூவோ விதையோ இல்லை. வரிசைக்கு அந்தப் பக்கம் கத்தரியும் வெண்டையும் காய்த்துத் தொங்கின.

காற்று விதைத்த செடி வரிசையாக நிற்காது.

"எப்பக்கா?" என்றாள் வேதவல்லி.

அஞ்சம்மாள் கரையில் உட்கார்ந்துவிட்டாள். "ரெண்டு வருஷமாச்சு. மழைக்காலத்துல எங்களுக்கு அளத்துல வேல கெடையாதுல்ல. உன் கொட்டகைக்குக் கூலிக்கு வந்தேன். நீ வலை போட்டு மூடி வச்சிருந்தத பாத்தேன். ஒரு சிட்டிகை முந்தானையில முடிஞ்சுக்கிட்டேன். ஊரு நெலமெல்லாம் திரும்புது, எம் பத்தடி கொல்ல திரும்பினா என்னன்னு தோணுச்சு. எனக்கு ஏது பட்டா? யார்கிட்ட போய்க் கேக்கறது?"

"வாய்க்காலுக்கு..."

"ஓரத்துல ரெண்டு செடியக் கிள்ளாம விட்டுட்டேன். மழையில அதுதான் போயிருக்கு. அதையும் இந்தக் கரையில மொளச்சதையும் மொத ராத்திரியே பையில மூடிப் பிடுங்கிட்டேன். உங்கிட்ட அன்னிக்குச் சொல்லணும்னுதான் வந்தேன். வாய் வரல. அப்புறம் நீ அத்தன பேரு முன்னால எழுந்து எல்லாத்தையும் உன் தலையில போட்டுக்கிட்டே. அஞ்சு நாளா எனக்குச் சோறு எறங்கல, வேதா."

வேதவல்லிக்குக் கோபம்தான் முதலில் வந்தது. ஐந்து நாள் அவமானமும் தண்ணீருக்குள் மூழ்கப்போகும் ஒன்றே முக்கால் ஏக்கரும் சேர்ந்து கண்முன் வந்தன. பிடுங்கிவிட்டால் யாருக்கும் தெரியாது. குனிந்து முதல் செடியைப் பிடித்தாள். அப்போதுதான் கத்தரிச் செடி கண்ணில் பட்டது. இது அளத்து மண். முந்நூறு ஏக்கரிலும் இதைவிடக் கரிப்பான மண் கிடையாது. இடுப்பில் செருகியிருந்த உப்புமானியை எடுத்துக் கத்தரி வேரடியில் குத்தினாள்.

ஒன்று புள்ளி எட்டு.

துடைத்துவிட்டு மறுபடி குத்தினாள். வெண்டைக்கடியில் ஒன்று புள்ளி ஆறு.

"அக்கா, இங்க உமரி எத்தன வருஷம் நின்னுச்சு?"

"ஒரு வருஷந்தான். அப்புறம் இந்தப் பக்கம் வரிசைய மாத்திட்டேன். ஏன்?"

"ஒரு வருஷத்துல எப்படி? நாங்க ரெண்டு வருஷம் அறுத்தும் ரெண்டரைக்குக் கீழ வரலையே. என்ன செஞ்சீங்க?"

"ஒண்ணும் செய்யல. தெனம் காலையில கொழுந்து கிள்ளி ஆட்டுக்குப் போடுவேன். உப்புன்னா ஆடு உசிர விடும். குடங்குடமா தண்ணி குடிக்கும், அதான் ஒரு தொந்தரவு. புழுக்கைய அள்ளி அளத்துப் பக்கம் கொட்டிடுவேன். கிள்ளக் கிள்ள அது ஆங்காரமா துளுக்கும்."

வேதவல்லி மண்ணிலேயே உட்கார்ந்தாள். கிள்ளினால் துளிர்க்கும். துளிர்க்க உப்பைக் குடிக்கும். மறுபடி கிள்ளினால் மறுபடி குடிக்கும். கிள்ளிக்கொண்டே இருந்தால் பூக்க நேரமே இருக்காது. வேரழுகல் வந்த வருடத்தில் பிழைத்த ஒரு பங்கு நாற்றை இப்படிக் கிள்ளி வளர்த்திருந்தால், அந்தக் கொஞ்ச நாற்றே உப்பை இழுத்திருக்கும்; காத்திருக்கும் வரிசையும் வேண்டாம், விதையும் வேண்டாம். இதைக் கண்டுபிடித்தவள் இரண்டு வருடமாகக் கொட்டகைக்கு நூறு கஜத்தில் இருந்திருக்கிறாள். மாதாமாதம் கூட்டத்தில் சுவரோரம் நின்றிருக்கிறாள். அவளிடம் யாரும் எதையும் கேட்டதில்லை.

கரைமேல் ஜீப் சத்தம் கேட்டது. வைத்தியநாதன் முன்னால் வர, ஹமீதாவும் இரண்டு அதிகாரிகளும் இறங்கி நடந்து வந்தார்கள்.

"நான் இதச் சொல்லித்தான் ஆகணும்க்கா," என்றாள் வேதவல்லி மெதுவாக. "அறுபது ஏக்கருக்கு இதான் வழி. உங்க பேர விட்டுட்டுச் சொல்றேன். கொட்டகையில நானே செஞ்சு பாத்தேன்னு..."

"எம் பேர விட்டுட்டா?" அஞ்சம்மாள் அவளை உற்றுப் பார்த்தாள். பிறகு முட்டியில் கையை ஊன்றி எழுந்து நின்று, சேலையை உதறிச் செருகிக்கொண்டாள்.

அதிகாரி வரிசையைப் பார்த்துவிட்டார். முகம் மாறியது. "இது என்ன? யார் நட்டது?"

"நான்தான். உப்பளத்து அஞ்சம்மா. வெதைய நான்தான் களவாண்டேன். வாய்க்காலுக்குப் போனதும் இங்கேருந்துதான், இவ நெலத்துலேருந்து இல்ல. அதுக்கு என்ன தண்டனையோ எழுதிக்குங்க." கையை நீட்டிக் கத்தரியைக் காட்டினாள். "ஆனா அதுக்கு முன்னாடி இந்த மண்ணு எப்படித் திரும்புச்சுன்னு நான் சொல்லணும். நின்னுக்கிட்டுச் சொல்ல மாட்டேன். எல்லாரும் உக்காருங்க."

அதிகாரி வைத்தியநாதனைப் பார்த்தார். ஹமீதா அதற்குள் மண்டியிட்டு உப்புமானியைக் கையில் எடுத்திருந்தாள். எண்ணைப் பார்த்தவள் மண்ணில் கையை வைத்தபடி இருந்தாள். கீழே வாய்க்காலில் கடல்தண்ணீர் நுரையோடு ஏறத் தொடங்கியிருந்தது. அதன்மேல் ஒரு துரும்புகூட இல்லை.

வைத்தியநாதன் செருப்பைக் கழற்றிவிட்டு, ஆட்டுப் புழுக்கையைக் காலால் ஒதுக்கி, முதல் ஆளாக அந்தக் கரையில் உட்கார்ந்தார்.